மணவிலக்கு என்றே எழுதுகிறேன்

சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். ‘டைவர்ஸ்’ என்ற சொல் வரும்போதெல்லாம் மணவிலக்கு என்றே எழுதுகிறேன். பலர் அதை விவாகரத்து என்று திருத்தி அனுப்புவார்கள். நான் விடுவதில்லை.

எனக்கு ஒவ்வாதது அந்த ‘ரத்து’. திருப்பி அனுப்புதல், மறுத்தல் என்ற பொருளுடைய அரபுச் சொல் அது. தமிழுக்கு வந்து ரயில் ரத்து, தேர்வு ரத்து, உரிமம் ரத்து என்று வேரூன்றிவிட்டது. ரத்தான ரயில் ஓடுவதில்லை. ரத்தான தேர்வின் மதிப்பெண் கணக்கில் வராது. வடமொழி விவாகத்தோடு அந்தச் சொல் சேர்ந்தபோது, நடந்த திருமணமே நடக்காதது என்ற தொனியும் கூடவே ஒட்டிக்கொண்டது. சட்டம் அப்படிச் சொல்வதில்லை. மணவிலக்குத் தீர்ப்பு, அதுவரை ஒரு திருமணம் இருந்தது என்பதை ஏற்றுக்கொண்டுதான் அதை முடித்துவைக்கிறது. தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அறிவிப்பது வேறு வழக்கு, வேறு தீர்ப்பு.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் குடும்பமே சாட்சி. அவர் தன் முதல் மனைவி கேத்தரினை விவாகரத்து செய்தார் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். 1509இல் நடந்த அந்தத் திருமணத்தை 1533இல் பேராயர் கிரான்மர் செல்லாது என்றே அறிவித்தார். 24 ஆண்டு இல்லறம் சட்டத்தின் கண்ணில் இல்லாமல் போயிற்று. மகள் மேரிக்கு அப்போது 17 வயது. இளவரசிப் பட்டம் பறிபோனது. முறைப்படி பிறந்தவள் என்ற நிலையும் பறிபோனது.

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவளுடைய அப்பாவும் நானும் சட்டப்படி விலகிவிட்டோம். ஆனால் நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது உண்மை. அந்த உண்மைக்குள் பிறந்தவள் அவள். அவளைப் பற்றிய எந்தத் தாளிலும் ‘ரத்து’ என்ற சொல்லை என் கையால் எழுத மாட்டேன்.

ஆங்கிலச் சொல்லின் வேரில் இந்த அழிப்பு இல்லை. லத்தீனில் ‘திவோர்த்தியம்’ என்றால் வெவ்வேறு பக்கம் திரும்புதல். பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கும், மழைநீர் இரு சரிவுகளிலும் பிரிந்தோடும் மலைமுகட்டுக்கும் அதே பெயர்தான். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. மலையாளத்தின் விவாகமோசனத்தில் விடுதலை இருக்கிறது. அரபியின் தலாக்கிலும் கட்டவிழ்த்தல் இருக்கிறது. தமிழில் மணமுறிவும் நல்ல சொல்தான். ஆனால் முறிவதில் ஒரு விபத்தின் சாயல் இருக்கிறது. விலக்கில், யோசித்து எடுத்த முடிவு தெரிகிறது.

பெயர்ச்சொல்லைவிட அதன் பின்னால் வரும் வினைதான் என்னை அதிகம் வருத்துகிறது. அவன் விவாகரத்து ‘கொடுத்துவிட்டான்’, அவள் விவாகரத்து ‘வாங்கிவிட்டாள்’ என்கிறோம். கொடுப்பவன் உடைமைக்காரன் போலவும், வாங்குபவள் அடம்பிடித்துப் பெற்றவள் போலவும் ஆகிவிடுகிறார்கள். இருவரில் யார் வழக்குத் தொடுத்தாலும் தீர்ப்பை வழங்குவது நீதிமன்றம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2022 ஏப்ரல் 6 முதல் ஒருவர்மீது ஒருவர் குற்றம் சாட்டாமலே விண்ணப்பிக்கலாம். கணவனும் மனைவியும் சேர்ந்தே விண்ணப்பிக்கவும் வழியுண்டு. அப்படிப்பட்ட கூட்டு விண்ணப்பத்தில் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்? ‘இருவரும் மணவிலக்குப் பெற்றார்கள்’ என்று எழுதினால் போதும்.