கீழக்கரை நடுத்தெருவின் கல்தூண்கள்

ஏர்வாடி தர்காவுக்குச் செல்லும் வண்டிகள் நாள்தோறும் கீழக்கரையைக் கடந்து போகின்றன. ஆனால் ஊருக்குள் இறங்கி நடுத்தெரு ஜும்மா பள்ளிவாசலைப் பார்த்துச் செல்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். கிழவன் சேதுபதி இராமநாதபுரத்தை ஆண்ட 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், கடல் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு வள்ளல் சீதக்காதி எழுப்பிய பள்ளி என்று அதனை ஊரார் போற்றுகிறார்கள். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று தமிழ்நாடே சொல்லும் அந்தச் சீதக்காதிதான். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்றவரும் அவரே.

உள்ளே கால் வைத்ததும் குவிமாடத்தைத் தேடும் கண்களுக்குக் கல்மண்டபம் ஒன்று எதிர்ப்படுகிறது. தூண்களையும் உத்தரங்களையும், தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கும் பொதிகைகளையும் நின்று பார்த்தால், சேது நாட்டுக் கோயில்களில் பழகிய உளியே இங்கும் வேலை செய்திருப்பது விளங்கும். யாளியும் தெய்வ உருவமும் இல்லை. அவற்றின் இடத்தைப் பூக்களும் கொடிகளும் நிரப்புகின்றன. உருவம் செதுக்கக் கூடாது என்ற வரம்பு கல்தச்சரின் கையைக் கட்டிப்போடவில்லை, பூவேலையில் அவரை மேலும் நுணுக்கமாக இறங்கவைத்தது என்றே நான் கருதுகிறேன்.

பள்ளியைச் சுற்றியுள்ள குறுகிய சந்துகளில் திண்ணையும் முற்றமும் கொண்ட பழைய வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. இந்தக் கரையில் முன்னோர் பவளக்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டே கட்டினார்கள். 1964 புயலுக்குப் பின் தனுஷ்கோடியில் எஞ்சிய தேவாலயச் சுவரில் பவளத்தின் துளைகளை விரலால் தொட்டே உணரலாம். துளைகள் நிறைந்த அந்தக் கல் உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சும். மேலே பூசிய சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசும்போது ஈரம் உள்ளேயே தங்குகிறது, உப்பு படிகமாக விரிந்து சுவரைப் பொரியவைக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்தச் சிமெண்டுப் பூச்சு பழைய வீடுகளை உள்ளிருந்தே அழிப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

பவளப்பாறைகள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருப்பதால், இடிந்த சுவருக்கு மாற்றாகக் கடலிலிருந்து புதுக்கல் எடுக்க வழியில்லை. மன்னார் வளைகுடாவுக்கு அந்தக் காப்பு கட்டாயம் வேண்டும். ஆகவே பழுதுபார்க்க நினைக்கும் குடும்பத்தார் சிமெண்டு மூட்டையை வாங்குமுன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை ஒருமுறை வீட்டுக்கு அழைத்துச் சுவரைக் காட்டுமாறும், இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றால் முற்றத்தையும் நிலைக்கதவையும் அளந்து படம் எடுத்து வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.