கப்ளரைப் பிரித்துப் பார்த்த பிறகு

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பது ஏபிஎஸ். அதன் விளக்கு எரிகிறது என்று ஊட்டியில் ஒரு வண்டி வந்தால், நான் முதலில் கை வைப்பது சக்கர வேக சென்சாரின் வயரை இணைக்கும் கப்ளரில்தான். இங்கே மூடுபனியும் மழையும் மாதக்கணக்கில் விடாது. ரப்பர் சீல் கொஞ்சம் தளர்ந்தாலும் ஈரம் உள்ளே இறங்கிவிடும். போதாததற்குக் கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடி போகும் கல்லட்டிப் பாதையில் மட்டும் 36. ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போதெல்லாம் முன்சக்கர சென்சார் வயர் மடங்கி நிமிரும்.

கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கேரட் ஏற்றும் பிக்கப் ஒன்று வந்தது. “சென்சார் மாத்தியும் லைட் எரியுதுங்ணா” என்றார் டிரைவர். ஸ்கேனரில் இடது முன்சக்கர சென்சார் சர்க்யூட் என்று பழுதுக் குறியீடு. பழுது அந்த லைனில் எங்கோ இருக்கிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. தேட வேண்டியது நம் வேலை. தேடாமல் பாகத்தை மாற்றுவது எனக்கு ஆகவே ஆகாது. அது வாடகைக்கு ஓடுகிறவரின் காசு.

கப்ளர் மேல் இருந்த இன்சுலேஷன் டேப்பை உரித்தேன். லாக் உடைந்திருந்தது. உள்ளே இருந்த உலோகப் பின்களில் ஒன்று முழுக்கப் பச்சைக் களிம்பு. அதன் பின்னால் வயரில் இரண்டு இழைதான் மிச்சம். சும்மா நிற்கும்போது மீட்டர் கன்டினியூட்டி, அதாவது வயர் அறாமல் தொடர்கிறது என்று, காட்டியது. ஸ்டியரிங்கை ஒடித்ததும் விட்டுப்போனது. அந்த வண்டியில் இருந்த வகை சென்சார், மின்னோட்டத்தை 7, 14 மில்லி ஆம்பியர் என்று மாற்றி மாற்றித்தான் சக்கர வேகத்தைச் சொல்கிறது. அது அறுந்து அறுந்து வந்தால் கம்ப்யூட்டர் ஏபிஎஸ்ஸை நிறுத்திவிடும். பிரேக் பிடிக்கும், ஆனால் மேட்டுப்பாளையம் போகும் வழியில் பர்லியார் இறக்கத்தில், நனைந்த ரோட்டில், சக்கரம் லாக் ஆனால் தடுக்க ஒன்றும் இருக்காது.

“டேப்பையே திரும்பச் சுத்திட்டா போதாதுங்களா?” என்றார். வயரை நறுக்கிக் காட்டினேன். உள்ளே செம்பு கறுத்திருந்தது. பளபளப்பு வரும்வரை பின்னுக்கு வெட்டினேன். வயரோடு வரும் புதுக் கப்ளரை இணைத்தபோது, இரண்டு வயரின் இணைப்பும் ஒன்றையொன்று தொடாதபடி முன்பின்னாக வைத்தேன். ஈயம் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் வயர் விறைத்து, ஆட ஆட ஒடியும், அதனால் உலோகக் குழாயில் வைத்து நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப்தான். இழுத்துப் பார்த்து, பசை உள்ள ஸ்லீவைச் சூடேற்றிச் சுருக்கி, முறுக்கு வயரைப் பழையபடி முறுக்கி, ஸ்டியரிங் ஒடிய இடம் விட்டுக் கிளிப்பில் மாட்டினேன்.

பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். நான்கு சக்கர வேகமும் ஸ்கேனரில் விடாமல் வந்தது. கழற்றிய பழைய சென்சார் அவரிடமே இருந்தது. அதையும் மாட்டிப் பார்த்தேன், நன்றாக வேலை செய்தது. ஸ்பேராக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன்.