மியூனிக்கில் சமையலறை இல்லாத வீடும் 32 மில்லிமீட்டரும்

ஜெர்மனிக்கு வேலைக்கு வருகிற நம் ஊர்க்காரர்கள் விசா, சம்பளச் சீட்டு, வீட்டு முன்பணம் என்று எல்லாவற்றையும் யோசித்துவிட்டு வருவார்கள். சமையலறையை யாரும் யோசிப்பதில்லை. இங்கே பல வாடகை வீடுகளில் சமையலறை என்று காட்டுவது வெறும் நான்கு சுவர்களைத்தான். தண்ணீர்க் குழாய்கள், கழிவுநீர் போக ஒரு வழி, மின்சார அடுப்புக்கான இணைப்புப் பெட்டி, அவ்வளவுதான். மேடை, சிங்க், அலமாரி எதுவும் இருக்காது. முன்பு குடியிருந்தவர் தன் சமையலறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருப்பார். அல்லது ஒரு விலை சொல்லி நம் தலையில் கட்டிவிட்டுப் போவார்.

தஞ்சாவூரில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தட்டுகள் சுவரில் பதித்த கடப்பைக் கல். வீடு இருக்கும்வரை அவையும் இருக்கும். அதனால் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னதும், "ஏம்மா, அங்க ஒரு ஆசாரிகூடவா கிடைக்கல?" என்றார். ஆசாரிகள் இருக்கிறார்கள், அப்பா. ஆனால் ஒரு முழுச் சமையலறையைச் செய்துதரச் சொன்னால் புதிதாக வந்தவர்களுக்குக் கட்டுப்படியாகாது. கடையில் கிடைக்கிற ஆயத்த அலமாரிப் பெட்டிகளில் இட்லிக் கொப்பரைக்கும் எவர்சில்வர் டப்பாக்களுக்கும் வெட் கிரைண்டருக்கும் தோதான உயரம் அமைவது அபூர்வம். நானும் கணவரும் அலமாரிகளை நாமே செய்வது என்று முடிவெடுத்தோம்.

பலகை வெட்டுவது இங்கே பெரிய கவலையே இல்லை. பௌமார்க்ட் எனப்படும் பெரிய கட்டுமானப் பொருள் கடைகளில் அளவு கொடுத்தால் நேராக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். 16 அல்லது 19 மில்லிமீட்டர் தடிமனில் வெள்ளைப் பூச்சுள்ள பார்ட்டிகிள் போர்டு எல்லா ஊரிலும் கிடைக்கும். துளை போடுவதில்தான் கேள்வியே எழுந்தது. வரிசைத் துளைகளுக்கான ஜிக் ஒன்றை, அதாவது துளை சரியான இடத்தில் விழ வழிகாட்டும் அச்சை, வாங்குவதா, வாங்கினால் எதை வாங்குவது?

இந்த நாட்டில் அலமாரி என்றால் 32 மில்லிமீட்டர். பக்கப் பலகையின் முன் விளிம்பிலிருந்து 37 மில்லிமீட்டர் உள்ளே, 5 மில்லிமீட்டர் விட்டத்தில், ஒன்றுக்கொன்று 32 மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகள் மேலிருந்து கீழாக வரிசையாகப் போகும். பல டிரில் பிட்டுகளைப் பல்சக்கரங்களால் ஒன்றாகச் சுழற்றும் தொழிற்சாலை இயந்திரங்களில் அந்தச் சக்கரங்களை அதற்கு மேல் நெருக்க முடியாமல்தான் இந்த அளவு வந்தது என்பார்கள். ஊரில் ஆட்டோ ஹிஞ்ச் என்று கேட்டு வாங்குவோமே, அந்தக் கீலின் அடித்தட்டில் இருக்கும் இரண்டு திருகுகளுக்கும் இடைவெளி இதே 32தான். டிராயர் ஓடும் சேனல்களின் முதல் துளை இதே 37 கோட்டில் உட்காரும். ப்ளும், ஹெட்டிஷ், ஹேஃபெலே என்று எந்தக் கம்பெனிப் பொருளை வாங்கினாலும் இந்த வரிசையில் பொருந்தும்.

வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். நாளைக்கு வேலை மாறி ஸ்டுட்கார்ட்டுக்கோ ஹாம்பர்க்குக்கோ போனால் சமையலறையும் கூடவே வரும். அங்கே சுவர் நீளம் வேறாக இருக்கும். கதவு இருந்த பெட்டியில் டிராயர் போட வேண்டி வரும். துளைகள் இந்த ஒழுங்கில் இருந்தால், புதிய ஊரில் வாங்குகிற சேனல் பழைய பெட்டியில் ஏறிவிடும். கண்ணளவில் போட்ட துளைகளோடு போனால் பக்கப் பலகையையே மாற்ற வேண்டியதுதான். எங்களைப் போல இன்னும் எந்த ஊரில் நிலைப்போம் என்று தெரியாதவர்கள் இந்த அளவை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

சரி, எந்த ஜிக்? வெண்ட்லிங்கன் ஊரைச் சேர்ந்த ஃபெஸ்டூலின் எல்ஆர் 32 அமைப்பைப் பற்றி இங்கே மரவேலை செய்கிற எல்லோரும் பேசுவார்கள். 32 மில்லிமீட்டருக்கு ஒரு துளை உள்ள நீண்ட அலுமினிய வழிகாட்டிச் சட்டம், அதன்மேல் துளைக்குத் துளை நகர்ந்து பூட்டிக்கொள்ளும் ஒரு தட்டு, தட்டின்மேல் ரவுட்டர் எனப்படும் மரம் குடையும் மின்கருவி. ரவுட்டர் நேர்செங்குத்தாக இறங்குவதால் வெள்ளைப் பூச்சு சிதறாமல் துளை அவ்வளவு சுத்தமாக விழும். அருமையான கருவிதான். ஆனால் சட்டம், தட்டு, அதற்குப் பொருந்தும் ரவுட்டர் மூன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும், செலவும் அதற்கேற்ப ஏறும். அந்த ரவுட்டர் ஏற்கெனவே கையில் இருந்து, வருடம் முழுவதும் அலமாரி செய்கிறவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். ஒரே ஒரு சமையலறை செய்யப்போகிறவருக்கு அது தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

ஏனென்று கணக்குப் போட்டால் தெரியும். 16 மில்லிமீட்டர் பலகையில் 720 மில்லிமீட்டர் உயரப் பெட்டி செய்கிறோம் என்று வையுங்கள். 32ஐ 22ஆல் பெருக்கி 16ஐக் கூட்டினால் சரியாக 720. அதாவது அடிப்பலகையின் நடுவிலிருந்து மேற்பலகையின் நடுவரை 22 இடைவெளிகள், இடையில் 21 துளைகள். ஒரு பக்கப் பலகைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை, இரண்டு பக்கம் என்றால் 84 துளைகள். இவற்றில் எத்தனையைப் பயன்படுத்துவோம்? கீல் தட்டுக்கு இரண்டிரண்டு, சாமான் வைக்கும் தட்டு வரும் இடத்தில் அதை மேலும் கீழும் நகர்த்திக்கொள்ள நாலைந்து. தொழிற்சாலை முழு வரிசை போடுவது, எந்தப் பெட்டி எதற்குப் போகும் என்று அதற்குத் தெரியாததால். நமக்குத்தான் தெரியுமே.

அதனால் நாங்கள் வாங்கியது கைக்கு அடக்கமான சிறு ஜிக். இரும்புக் குழல் பதித்த துளைகள், விளிம்பில் அணைத்துப் பிடிக்க ஒரு தடுப்பு, முந்தைய துளையில் செருக ஒரு பின். முழுக்க பிளாஸ்டிக்கில் வருவதும் உண்டு, விலை குறைவு. ஆனால் பிட் உரசி உரசித் துளை அகன்றுவிடும், அதை வாங்காதீர்கள். கதவுக்குள் பதியும் கீல் கிண்ணத்துக்கான 35 மில்லிமீட்டர் குழிக்குத் தனியாக ஒரு சிறு ஜிக் உண்டு, அதை வாங்குங்கள். 16 மில்லிமீட்டர் கதவில் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் ஆழம் போக வேண்டும். மிச்சம் 3 மில்லிமீட்டர்தான், கை வாக்கில் செய்ய முடியாது.

கீழ் வீட்டில் இருக்கும் பெரியவர் ஓய்வு பெற்ற தச்சர். ஒரு சனிக்கிழமை காலை (ஞாயிற்றுக்கிழமை இங்கே டிரில் சத்தமே கேட்கக் கூடாது) அவர் கெல்லர் எனப்படும் நிலவறைக்கு வந்து எங்கள் பலகைகளைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் பென்சிலை எடுத்து ஒவ்வொரு பக்கப் பலகையின் கீழ் விளிம்பிலும் ஒரு முக்கோணம் போட்டார். "உங்கள் ஜிக் எப்போதும் இங்கேயிருந்துதான் கிளம்ப வேண்டும்" என்றார். இடது பலகையைக் கீழிருந்தும் வலது பலகையை மேலிருந்தும் ஆரம்பித்தால், பின்னைச் செருகி ஜிக்கை நகர்த்தும்போதெல்லாம் சேர்கிற நூலிழை வித்தியாசம் எதிரெதிராகப் போய் நிற்கும். தட்டைத் தாங்கும் நாலு பின்னில் ஒன்று மட்டும் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் தட்டு ஆடும். இரண்டு பக்கமும் ஒரே முனையிலிருந்து போனால் வித்தியாசமும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும், தட்டு மட்டமாக உட்காரும். கீலில் பிசகு வந்தால் மூன்று திசையிலும் திருகித் திருத்தலாம். தட்டுப் பின்னுக்கு அந்த வசதி கிடையாது. துல்லியம் எங்கே முக்கியம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெளிவானது.

அப்புறம் பிட்டைப் பற்றியும் சொன்னார். நடுவில் கூர்முனை உள்ள மர பிட்தான் வேண்டும். இரும்புக்கான பிட் பூச்சின் மேல் வழுக்கி ஓடும், துளையின் ஓரத்தைச் சிதைக்கும். துளை பலகையைத் தாண்டாமல் இருக்க பிட்டில் ஒரு தடுப்பு வளையம். பிட் முழு வேகத்தில் சுழலத் தொடங்கிய பிறகே பலகையைத் தொட வேண்டும். சொன்னபடி செய்து பார்த்தேன். துளையின் ஓரம் விரலில் உறுத்தவேயில்லை.

சிறு ஜிக்குக்கு ஒரு வரம்பு உண்டு. 2 மீட்டர் உயர அலமாரிக்கு அதை நகர்த்திக்கொண்டே போவது சரிவராது. எங்கள் பெட்டிகளுக்குப் பிறகு அரிசி மூட்டைக்கும் கிரைண்டருக்கும் ஓர் உயரமான அலமாரி வேண்டியிருக்கிறது. அதற்காகவும் விலை உயர்ந்த கருவியை வாங்கப்போவதில்லை. மியூனிக்கில் ஹைட்ஹவுசன் பகுதியில் 1987லிருந்து ஹவுஸ் டெர் ஐகன்ஆர்பைட் என்ற பொதுப் பட்டறை நடக்கிறது. கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் அங்கே மரவேலை செய்யலாம், சொல்லிக்கொடுக்கத் தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். இதுபோன்ற திறந்த பட்டறைகள் ஜெர்மனியின் வேறு ஊர்களிலும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் கருவி வாங்குவதற்கு முன் தங்கள் ஊரில் ஒன்று இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். பலகைகளை அடுத்த மாதம் அங்கே கொண்டுபோகப் போகிறோம். கீழ் வீட்டுப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.