யன்னல் கழுவுற வானுக்குச் சுடுதண்ணி

"சுடுதண்ணி பூட்டினால் கண்ணாடி இன்னும் பளிச்செண்டு வருமோ?" யன்னல் கழுவுற தொழிலில இருக்கிற எங்கட ஆக்கள் முதல்ல கேக்கிறது இதைத்தான். என்ர அனுபவத்தில கண்ணாடிக்கு அது பெரிசாத் தேவையில்லை, கைக்குத்தான் தேவை. தை மாதம் காலமை இங்க, லண்டனுக்குப் பக்கத்து வற்ஃபோட்டில 2 டிகிரி, 3 டிகிரி நிக்கும். நுனியில பிறஷ் பூட்டி, வான் ராங்கில இருந்து ஹோஸால தண்ணி ஏறுற நீட்டுத் தடியாலதான் கழுவுறம். தடியை மேல தூக்கினால் பிறஷில இருந்து வழியிற தண்ணி தடியோடயே இறங்கிக் கையுறைக்குள்ள பூந்திடும். பச்சைத்தண்ணி எண்டால் ரெண்டு மூண்டு வீட்டோட விரல் விறைச்சுப்போகும், பிறகு வேலை ஓடாது. வெதுவெதுப்பா வந்தால் பின்னேரம் வரைக்கும் நிண்டு பிடிக்கலாம். ஹோஸும் குளிருக்கு முறுகாமல் வளைஞ்சு குடுக்கும்.

காய்ஞ்ச குருவி எச்சம், கொன்சவற்றறி எண்ட, வீட்டோட ஒட்டின கண்ணாடி அறைக் கூரையில பிடிச்ச பாசி, சாப்பாட்டுக்கடைக் கண்ணாடியில இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு, இதுகளுக்கு மட்டும் சூடு உண்மையாவே வேலை செய்யும். கனகாலம் கழுவாத வீட்டை முதல் தரம் கழுவேக்கையும் வித்தியாசம் தெரியும்.

தொழில் தெரியாத ஆக்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்துக் குழாய்த்தண்ணி சுண்ணாம்புப் பாறைக்குள்ளால வாறது. கரைஞ்ச உப்பை அளக்கிற மீற்றரை விட்டால் 300 பிபிஎம் (பத்து லட்சத்தில 300 பங்கு) அளவில காட்டும். அதை ஆர்ஓ எண்ட சவ்வு வடிகட்டி, மிச்ச உப்பைப் பிடிக்கிற ரெசின் மணிகள் ரெண்டுக்குள்ளாலயும் விட்டு 0 ஆக்கித்தான் வான் ராங்கில நிரப்பிறம். அப்பிடிச் செய்தால் துடைக்கத் தேவையில்லை, தானாக் காய்ஞ்சாலும் புள்ளி விழாது. உயரத்தில வேலை செய்யிறதுக்கு 2005இல பிரித்தானியாவில வந்த சட்டத்துக்குப் பிறகு ஏணியை விட்டிட்டுக் கனபேர் தடிக்கு மாறினவை. நான் தடியோடதான் தொழிலுக்கு வந்தனான்.

இனி விசயத்துக்கு வாறன். கடையில குடுத்துப் பூட்டுவிக்கிறதெண்டால் ஆயிரக்கணக்கில பவுண்ஸ் போகும். தனி ஒரு ஆள், ஒரு வான் எண்டு ஓடுறவருக்கு அது கட்டாது. மலிவா மூண்டு வழி இருக்கு.

முதலாவது, ராங்குக்குள்ள, தண்ணியில அமிழ்ந்து நிண்டு சூடாக்கிற இமேர்ஷன் ஹீற்றர் பூட்டி இரவில வீட்டுக் கரண்டில சூடாக்கிறது. 400 லீற்றரை 8 டிகிரியில இருந்து 45க்குக் கொண்டுவர 17 யூனிற் அளவில கரண்ட் போகும். 3 கிலோவாற் ஹீற்றருக்கு ஆறு மணித்தியாலம் பிடிக்கும். பூட்டுறதும் லேசு. ஆனால் 20க்கும் 45க்கும் இடைப்பட்ட சூட்டில தண்ணி தேங்கி நிண்டால் நுரையீரலைத் தாக்கிற லீஜனெல்லாக் கிருமி பெருகும். அந்தத் தண்ணியைத்தான் நாங்கள் தலைக்கு மேல தூவி, அந்தத் தூவானத்தைச் சுவாசிக்கிறம். சனி, ஞாயிறு வான் சும்மா நிக்கேக்க அந்த ராங்க் ஆறிக்கொண்டே கிடக்கும். எனக்கு அதில மனம் ஒப்பேல்லை.

ரெண்டாவது, காம்பிங்குக்கு விக்கிற காஸ் ஹீற்றரைக் கொண்டுவந்து வானுக்குப் பின்னால தொங்கவிடுறது. அது வெளியில, திறந்த இடத்தில பாவிக்கச் செய்த சாமான். கதவு பூட்டின வானுக்குள்ள எரிஞ்சால் காபன் மொனொக்சைட் சேரும். அதுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தயவுசெய்து செய்யாதேங்கோ.

நான் எடுத்தது மூண்டாவதை. 12 வோல்ற்றில ஓடுற 5 கிலோவாற் டீசல் வாட்டர் ஹீற்றர். குளிர்நாட்டில வாகன எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கப் பூட்டுறது. அதோட கைக்குள்ள அடங்கிற ஒரு ஸ்ரெயின்லெஸ் பிளேற் ஹீற் எக்ஸ்சேஞ்சர். ஒரு பக்கத்தால ஹீற்றரில சூடான கூலன்ற் (சூட்டைக் காவுற திரவம்) சுத்தும், மற்றப் பக்கத்தால ராங்கில இருந்து எங்கட தண்ணி போகும். ரெண்டும் கலக்காது. ராங்க் முழுக்கப் பச்சைத்தண்ணியாவே இருக்கும், தேவையான நேரம் தேவையான அளவுதான் சூடாகும். பிறஷுக்கு நிமிசத்துக்கு 2 லீற்றர் போகுதெண்டால் 5 கிலோவாற் அதை 35 டிகிரி கூட்டும். 6இல ஏறின தண்ணி 40 அளவில வெளிக்கிடும். நீட்டு ஹோஸில கொஞ்சம் ஆறி பிறஷுக்கு முப்பது சொச்சத்தில வரும், அது காணும். டீசல் மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்குக் கொஞ்சம் கூட. பழைய ஹீற்றர், புது எக்ஸ்சேஞ்சர், குழாய், கிளிப் எல்லாம் சேர்த்து எனக்கு 400 பவுண்ஸுக்குள்ள முடிஞ்சுது.

இதில மலிவு பாக்கக்கூடாத சாமான், சுடுதண்ணியோட பச்சைத்தண்ணியைக் கலந்து சூட்டை மட்டுப்படுத்திற மிக்ஸிங் வால்வ். ஒரு யன்னல் முடிச்சு அடுத்ததுக்குப் போகேக்க தண்ணியை நிப்பாட்டுறம். ஆனால் கூலன்ற் சுத்திக்கொண்டே இருக்கும், அது 70, 80 டிகிரிக்கு ஏறும். எக்ஸ்சேஞ்சருக்குள்ள நிண்ட கொஞ்சத் தண்ணியும் அந்தச் சூட்டுக்கு வந்திடும். திரும்பத் திறந்தவுடன முதல் வாறது அந்தக் கொதிதண்ணி. உறைஞ்ச கண்ணாடியில, அதுவும் ஏற்கனவே ஓரத்தில கீறல் விழுந்ததில பட்டால் வெடிக்கும். அதால பம்புக்குப் பிறகு T வடிவ இணைப்பு ஒண்டு போட்டு, ஒரு கிளையை எக்ஸ்சேஞ்சருக்குள்ளாலயும் மற்றதை நேரடியாவும் இந்த மிக்ஸிங் வால்வுக்குக் கொண்டுவந்து, 45க்கு மேல போகாதபடி திருகிப் பூட்டியிருக்கிறன். பழைய கண்ணாடி, ஈயப்பட்டி வைச்ச கண்ணாடி உள்ள வீடெண்டால் ஹீற்றரையே போடுறேல்லை.

என்ர மச்சான் கராஜில வேலை. ஹீற்றரைக் கொண்டுபோய்க் காட்ட அவர் விலையையும் கேக்கேல்லை, சூட்டையும் கேக்கேல்லை. "இது வானுக்குள்ள எரியிற அடுப்படா. புகை எங்கால போகுதெண்டு முதல் சொல்லு" எண்டார். அவர்தான் தரையில துளை போட்டு, புகைக்குழாயை டிரைவர் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா, நாங்கள் ஹோஸ் இழுக்கிற பின்கதவுக்கும் தூரமாக் கொண்டுபோய் விட்டவர். எரியிறதுக்கான காத்தும் வெளியிலயிருந்துதான் இழுக்குது. பிளாஸ்ரிக் குழாய்களுக்குப் பக்கத்தால போற இடத்தில சூடுதாங்கிற சுத்து. வானுக்குள்ள காபன் மொனொக்சைட் அலாரம் ரெண்டு. இன்சூரன்ஸ்காரருக்கும் மாத்தத்தைச் சொல்லி எழுத்தில வாங்கினனான். 

பற்றரியைப் பற்றி: பத்தவைக்கிற நேரம்தான் ஹீற்றர் கூடக் கரண்ட் இழுக்கும், பிறகு குறைஞ்சிடும். ஆனால் நிப்பாட்டேக்க மெயின் சுவிச்சை அடிச்சு நிப்பாட்டப்படாது. அது தானா ஃபானைச் சுத்தி ஆறி நிக்க விடவேணும். வானிலயே ரெசின் வைச்சிருக்கிறவை அதை ஹீற்றருக்கு முன்னால வையுங்கோ, சூடு பட்டால் ரெசின் கெட்டுப்போகும்.

சுடுதண்ணி இருக்கெண்டு உறைபனி நாளில துணியிற பழக்கமும் வேண்டாம். சுவரால வழிஞ்ச தண்ணி நடைபாதையில ஆறி ஐஸ் ஆகும். வயசான ஒராள் அதில வழுக்கினால் என்ன செய்யிறது? வானில எப்பவும் ஒரு வாளி உப்பு இருக்கு. றோட்டோட ஒட்டின வாசல் எண்டால் அண்டைக்கு அந்த வீட்டை விட்டிட்டு, மத்தியானத்துக்குப் பிறகு வாறனெண்டு மெசேஜ் போடுவன்.

இரவில வானை நிப்பாட்டேக்க கூலன்ற் பக்கத்தைப் பற்றிக் கவலையில்லை, அதில பாதிக்குப் பாதி உறையாமல் தடுக்கிற அன்ரிஃப்றீஸ். தண்ணிப் பக்கத்தைத்தான் வடிக்கவேணும். எக்ஸ்சேஞ்சருக்குக் கீழ ஒரு சின்ன வடிகால் வால்வ் வைச்சிருக்கிறன். அதைத் திறந்து, ஹோஸ் நுனியையும் திறந்து விட்டால் ரெண்டு நிமிச வேலை. தகடுகளுக்குள்ள தண்ணி உறைஞ்சு வெடிச்சால் கூலன்ற் தண்ணியோட கலந்து, எல்லாத்தையும் கழட்டிப் புதுசா வாங்கவேண்டி வரும்.