பந்திக்குள் புகுந்த பேண்டு செட்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் தடைக்காலத்தில், கையில் காசு இல்லாவிட்டாலும் ஆள்களெல்லாம் ஊரில் இருப்பார்கள் என்பதால், தங்கச்சிமடத்தில் கல்யாணங்களுக்குக் குறைவே இருக்காது. என் பெரியப்பா மகளின் கல்யாணமும் அப்படியொரு மே மாதத்தில்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மண்டபம் ஊரிலிருந்து வர வேண்டும். ஆனால் பாம்பனின் புதிய ரயில் பாலத்தைப் படம் எடுப்பதற்காகச் சாலைப் பாலத்தின் மேல் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்த சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவில் அவர்களுடைய வேன் மாட்டிக்கொண்டது.

அதனால் ராமநாதபுரத்திலிருந்து வந்திருந்த பேண்டு செட்டு, பந்தலுக்குள் வேலையின்றி உட்கார்ந்திருந்தது. சிவப்புக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றிவிட்டு ஒருவர் விசிறிக்கொண்டிருக்க, உப்புக் காற்றில் பித்தளைமீது ஏறியிருந்த பச்சைக் களிம்பை மற்றொருவர் சமையற்கட்டில் கேட்டு வாங்கி வந்த புளியால் தேய்த்துக்கொண்டிருந்தார். சாக்ஸபோனின் இரண்டு சாவிகளை ரப்பர் பேண்டு இழுத்துப் பிடித்திருந்தது.

சித்தப்பா மகன் சென்னையில் படிக்கிறவன், ஜாஸ் இசைப் பைத்தியம். சும்மா இருப்பானா? கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய், சன் ரா என்பவருடைய ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவை பேண்டு மாஸ்டருக்குக் காட்டத் தொடங்கினான். 1914இல் அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்தும், தாம் சனிக் கிரகத்திலிருந்து வந்தவர் என்று கடைசிவரை சாதித்த அந்த மனிதர், ஜிகினா அங்கியும் எகிப்து மன்னர் பாணித் தலைப்பாகையுமாகக் கீபோர்டின் முன் உட்கார்ந்திருக்க, சாக்ஸபோன்காரர்களும் ஆப்பிரிக்க மேளக்காரர்களும் மின்னும் உடைகளில் அவரைச் சுற்றிலும் ஆடிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"சனியா? நம்ம பக்கம் சனி புடிச்சவந்தான் இந்தத் தொழிலுக்கு வருவான். இவரு அங்கேருந்தே கெளம்பி வந்துட்டாரா?" என்றார் மாஸ்டர். அடுத்து அவர் கேட்டது, அந்தத் துணிக்குள்ளே வேர்க்காதா என்பதுதான். சிவப்புக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருப்பவர்களுக்குத்தானே அந்தக் கவலை தெரியும்!

சன் ரா 1993இல் மறைந்த பிறகும் குழு கலையவில்லை என்றும், பின்னாளில் அதை வழிநடத்திய மார்ஷல் ஆலன் 2024இல் நூறு வயதைத் தொட்டும் சாக்ஸபோனைக் கீழே வைக்கவில்லை என்றும் தம்பி சொன்னதும், மாஸ்டர் சைடு டிரம்காரர் பக்கம் திரும்பினார். "கேட்டுக்க. நூறு வயசுல நின்னு ஊதுறாராம். நீ ரெண்டு தெரு நடக்க ஆட்டோ கேக்குற."

அடுத்து கைப்பேசியில் டிஸ்ஸி கில்லெஸ்பி என்ற அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட்காரர் வந்தபோது உற்சாகம் இன்னும் கூடியது. 1953இல் யாரோ மேலே விழுந்து வளைத்துவிட்ட ட்ரம்பெட்டில் ஒலி பிடித்துப்போய், பிறகு வாய் மேல்நோக்கியிருக்கும்படி செய்த ட்ரம்பெட்டையே அவர் வாசித்தார் என்று கேட்டதும், பஸ் கூரையிலிருந்து விழுந்து நெளிந்த தம்முடைய ட்ரம்பெட்டை மாஸ்டர் புதிய மரியாதையோடு பார்த்தார். 1956இல் பெரிய குழுவோடு கராச்சிக்கு வந்தவர் அங்கே பாம்பாட்டியின் பக்கத்தில் நின்று பாம்புக்கு ஊதினார் என்று தம்பி சொல்லி முடிப்பதற்குள், கிளாரினெட்காரர் மகுடி மெட்டை எடுத்துவிட்டார். பந்தலிலிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் தரையில் நெளியத் தொடங்கினார்கள்.

வினை அதன் பிறகுதான் வந்தது. மேடையை விட்டு இறங்கி வரிசையாகக் கூட்டத்துக்குள் புகுந்து ஊதிக்கொண்டே வருவது சன் ரா குழுவின் வழக்கம். கைச்சாடையாலேயே ஒருவரை எழுப்பி மற்றவரை அடக்குவது அவருடைய வழக்கம். இரண்டும் மாஸ்டருக்குப் பிடித்துப்போயின. வேன் ஒருவழியாக வந்து, ஊர்வலமும் முடிந்து, முதல் பந்தி உட்கார்ந்தபோது, "கையப் பாத்து ஊதுங்கடா" என்று சொல்லிவிட்டுப் படையை இலைகளுக்கு நடுவே நடத்திக்கொண்டு வந்தார். ஆனால் குறுகலான பந்தியில் அவர் முன்னால் போய்விட, பின்னால் வந்தவர்களுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் சாப்பிடுகிறவர்களின் கைகள்தான்.

மூத்த தாத்தா ஒருவர் இலைக்கு மேல் உள்ளங்கையை விரித்துச் சோறு போதும் என்று காட்டினார். மொத்த செட்டும் சட்டென்று நின்றது. திடீரென்று விழுந்த அமைதியில் திகைத்தவர், பாயசத்துக்காகக் கையை ஆட்டிக் கூப்பிட்டார். சாக்ஸபோன் தனியாவர்த்தனத்தில் இறங்கியது. அப்பளம் கேட்டு ஒற்றை விரலை நீட்டினார். பேஸ் டிரம் அவருடைய காதருகிலேயே ஒன்று போட்டது. விஷயம் புரிந்துகொண்ட தாத்தா, அதன் பிறகு சாப்பிடுவதை மறந்து இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். என்னைக் கேட்டால், அன்றைக்கு மிகச் சிறப்பாக வாசிக்கப்பட்ட உருப்படி அதுதான். அடுத்த பந்திக்காரர்கள் வாசலில் பசியோடு நின்றதால் இந்தக் கருத்தை நான் வெளியே சொல்லவில்லை.

கணக்குத் தீர்க்கும்போது, "ஊர்வலத்துக்குத்தான் பேச்சு, பந்தியில ஊதுனதுக்கு நான் தர மாட்டேன்" என்று பெரியப்பா முறுக்கிக்கொண்டார். "அது வேணாண்ணே, பந்தியில மாஸ்டரா நின்னது உங்க தாத்தாதான், நாங்கதான் அவருக்குச் சம்பளம் தரணும்" என்றார் மாஸ்டர். பேசிய தொகையை முழுதாகக் கொடுத்த பெரியப்பா, சாப்பிடாமல் போகக்கூடாது என்று அவர்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார். சைடு டிரம்காரர் சாம்பார் வேண்டுமென்று கையைத் தூக்கியதும், பக்கத்து இலையிலிருந்த கிளாரினெட்காரர் அவருடைய கையைப் பிடித்துக் கீழே அமுக்கினார்.