தட்டோட உள்பக்கம்

செராமிக் கோர்ஸோட பைனல் எக்சிபிஷன் முடிஞ்சு, மிச்சம் இருந்தத எல்லாம் பேப்பர் சுத்தி அட்டைப்பெட்டில கட்டி கடலூர் வீட்டுக்கு கொண்டுவந்து சேத்தாச்சு, அதனால இப்பதான் எழுத உக்காந்திருக்கேன். கூட படிச்சவங்க வேலையெல்லாம் செமயா இருந்துச்சு, அதப்பத்தி தனியா எழுதறேன், இது என் தட்டுங்களப் பத்தி மட்டும்.

ஆமா, வெறும் தட்டுதான். விளிம்பு லேசா உள்ள வளைஞ்ச அகலமான தட்டு. ஐடியா வந்தது அரிக்கமேட்டுலேர்ந்து, பாண்டிச்சேரி பக்கத்துல இருக்கற பழைய துறைமுக ஊரு. 1945ல தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் அங்க தோண்டினப்போ கெடச்சதுல ரோமானிய ஆம்போரா (ரெண்டு காது வச்ச ஜாடி) துண்டும் இத்தாலிலேர்ந்து வந்த சிவப்பு பாத்திரத் துண்டும்தான் பேமஸ், பாண்டிச்சேரில யாரக் கேட்டாலும் ரோம் ரோம்னுதான் ஆரம்பிப்பாங்க. எனக்கு புடிச்சது அதுங்களோடயே கெடச்ச சாம்பலும் கறுப்புமான தட்டு, ரூலெட்டட் வேர்னு பேரு. அந்த டெக்னிக்கும் மத்தியதரைக்கடல் பக்கத்துலேர்ந்து வந்ததுன்னுதான் வீலர் நெனச்சாரு, ஆனா தட்டு இந்தியாவுலயே செஞ்சதுன்னு இப்ப ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. வெளிய பாத்தா வழவழன்னு ஒண்ணுமே இருக்காது. உள்ள அடில மட்டும் வட்ட வட்டமா பொடிப்பொடியா குத்து வரிசை. சாப்பிடறவன் மட்டும் பாக்கற எடத்துல எவன் இவ்ளோ வேலை பண்ணி வச்சான்னு தோணிச்சு, அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

அந்த குத்து எப்படி விழுந்துச்சுங்கறதுல ரெண்டு கட்சி இருக்கு. பல்லு வச்ச சின்ன சக்கரத்த உருட்டினாங்கன்னு ஒண்ணு. மெல்லிசான தகட்ட, தட்டு வனையற வீல் சுத்தும்போது பாதி காஞ்ச மண்ணு மேல லேசா புடிச்சா அது துள்ளித்துள்ளி தானா குத்திட்டு போகும்னு இன்னொண்ணு. நான் ரெண்டும் பண்ணி பாத்துட்டு ரெண்டாவது கட்சில சேந்துட்டேன், ஒடஞ்ச ஆக்சா பிளேடு துண்டே போதும், ஆனா மண்ணு பதம் கொஞ்சம் ஈரமா இருந்தா பிளேடு உழுதுடும், ரொம்ப காஞ்சிருந்தா தூள் பறக்கும், நடுவுல ஒரு நேரம் இருக்கு, மழை நாள்ல அந்த நேரம் நீளும், மே மாசம் டீ குடிச்சிட்டு வரதுக்குள்ள போயிடும்.

பழைய தட்டுல கிளேஸ், அதாவது மேல கண்ணாடி மாதிரி வர்ற பூச்சு, கெடையாது, நான் செலடான்ங்கற பச்சை கிளேஸ் போட்டேன். கிளேஸ்ல ஒரு சதவீதம் கிட்ட இரும்பு ஆக்சைடு, 1280 டிகிரி வரைக்கும் ஏத்தி காத்த கொறச்சு சுட்டா வெளிறின பச்சை வரும். குத்துக்குள்ள எறங்கி தேங்கற எடத்துல கிளேஸ் தடியா இருக்கும், அங்க மட்டும் பச்சை கருத்துத் தெரியும். கோடு வரையாமலே கோடு. எனக்கு இந்த ஒரு விஷயம் போதும்.

அடுத்தது சண்டை. எக்சிபிஷன்ல எல்லாருக்கும் வெள்ள பெட்டி பீடம், நெஞ்சு ஒசரத்துக்கு. அதுல என் தட்ட வச்சா தெரியறது விளிம்பு மட்டும்தான், நான் வேலை பண்ண எடமே தெரியாது. செவுத்துல ஸ்டாண்டு போட்டு நிமித்தி மாட்டுன்னு எங்க மேம் சொன்னாங்க. அப்படி மாட்டினா அது படம் ஆயிடும் மேம், தட்டு இல்லன்னேன். கொஞ்ச நேரம் மொறச்சிட்டு, சரி உன் இஷ்டம்னுட்டாங்க. எக்சிபிஷன் ஹால்ங்கறது ஒரு பழைய வீடு, நடுவுல முற்றம், சுத்தி தாழ்வாரம். தாழ்வாரத்து ஓரமா தரையிலேர்ந்து ஒரு ஜாண் ஒசரத்துல பலகை போட்டு, பந்தில எல போட்ட மாதிரி வரிசையா வச்சேன். முட்டிவலிக்காரங்களுக்காக நாலு தட்டு மட்டும் மேசைல.

நான் கணக்கு பண்ணாத ஒண்ணு வெளிச்சம். மத்தியானம் மேலேர்ந்து வெயில் நேரா எறங்கறப்போ எல்லா தட்டும் சப்பையா, வெறும் பச்சையா கெடந்துச்சு, அப்ப வந்தவங்க அஞ்சு நிமிஷத்துல கெளம்பிட்டாங்க. நாலு மணிக்கு மேல வெளிச்சம் சாஞ்சு வர ஆரம்பிச்சதும் ஒவ்வொரு குத்தும் எழுந்து நின்னுச்சு. அப்ப வந்தவங்க குந்திகிட்டே நகந்து நகந்து பாத்தாங்க. பசங்களுக்கு குனியற வேலையே இல்ல, அவங்க ஒசரத்துக்கே இருந்துச்சு, ரெண்டு வாண்டுங்க வெரல உள்ள விட்டு வட்டம் போட்டுட்டு இருந்தாங்க. “தொடாதீர்கள்” போர்டு நான் வைக்கல. தட்ட தொடாம எப்படி பாக்கறது?

விருத்தாசலத்துலேர்ந்து மாமா வந்தாரு. ரொம்ப வருஷம் அங்க செராமிக் கம்பெனில அச்சு வேலை பாத்தவரு, நெய்வேலி வெள்ளக்களி, பிளாஸ்டர் அச்சு, ஒரு நாளைக்கு எத்தன கப்புனு கணக்கு. வந்ததும் தட்ட எடுத்து கவுத்துட்டாரு! உள்பக்கம் ஒரு பார்வ கூட இல்ல. தட்டு நிக்கற அடி வளையத்த வெரலால தடவி, “அடில கிளேஸ் நல்லா தொடச்சிருக்க, கோணலும் இல்ல”ன்னாரு. அகலத் தட்டு காயும்போதும் வேகும்போதும் சேத்து எட்டுல ஒரு பங்கு கிட்ட சுருங்கும், கோணாம எடுக்கறதுதான் கஷ்டம், அத அவரு ஒருத்தர்தான் பாத்தாரு. அப்புறம்தான் திருப்பி, “இது என்ன சொரசொரன்னு, அச்சுல வராதே”ன்னு கேட்டாரு. பிளேடு கதைய சொன்னேன், நம்பல. ஒர்க்‌ஷாப்புக்கு வா செஞ்சு காட்றேன்னு சொல்லிருக்கேன்.

அம்மாவோட கேள்வி வேற, மீன் கொழம்பு ஊத்தினா அந்த குத்துக்குள்ள ஒட்டிக்காதா, எப்படிடி கழுவறதுன்னு. ஒட்டாதும்மா, மேல கண்ணாடி மாதிரி கிளேஸ் இருக்குல்லன்னேன். இப்ப வீட்டுல ரெண்டு தட்டு ஓடிட்டு இருக்கு, இதுவரைக்கும் புகார் இல்ல.

அடுத்து கிளேஸே இல்லாம, நல்லா வழிச்சு தேச்சு, கறுப்பா சுட்டு பாக்கணும், பழைய தட்டு மாதிரியே. பாண்டிச்சேரி மியூசியம் போனீங்கன்னா அரிக்கமேட்டுத் துண்டுங்கள கண்ணாடிக்கு மேலேர்ந்து குனிஞ்சு பாருங்க, சைடுல நின்னு பாத்துட்டு வந்துடாதீங்க.