வரைபடத்தில் இல்லாத மூன்று படிகள்

நேற்று இரவு எங்கள் புளோக் கீழ்த்தளத்தில், குடியிருப்புப் பேட்டையின் பொது இடங்களை மேம்படுத்தும் அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டத்தின் வரைபடங்களை மாட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி ஊன்றுகோலால் ஓரிடத்தைத் தட்டி, "தம்பி, பஸ் ஸ்டாப்புக்குப் போற வழியில மூணு படி இருக்கே, அது இதுல எங்க?" என்றார். அங்கிருந்த அதிகாரி உடனே குறித்துக்கொண்டார்.

சிங்கப்பூரில் 2007இல் வந்த இந்தத் திட்டத்துக்குச் செலவு அரசாங்கத்துடையது, நடத்துவது பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றம். ஆனால் தகுதியுள்ள வீட்டு உரிமையாளர்களில் 75 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தால்தான் வேலை தொடங்கும். அவ்வளவு பலம் நம் கையில்! நம்மில் பலர் வாக்களிக்கும் நாளில்தான் எட்டிப் பார்க்கிறோம். வரைபடம் முடிவாகும் முன்பே பேச வேண்டும்.

1986இல் அங் மோ கியோவில் நகர மன்றங்களைச் சோதித்துப் பார்த்ததே, குடியிருப்பாளர்களுக்கும் பேட்டை நிர்வாகத்தில் பங்கு இருக்கட்டும் என்றுதான்.

காலை நடைக்குழு, கோயில் தொண்டூழியர்கள், பாலர் பள்ளிப் பெற்றோர் என எந்தக் குழுவில் இருந்தாலும், வேண்டியதை ஒரே தாளில் எழுதி, படம் எடுத்து, வசிப்போர் குழுவிடமும் நகர மன்றத்திடமும் கொடுங்கள். தமிழில் மட்டுமே பேசும் பெரியவர்களுக்குத் துணையாக ஒருவர் போங்கள்.

சனிக்கிழமை காலை பாட்டியோடு அந்தப் படிகளை அளக்கப் போகிறேன். எங்கள் புளோக்காரர்கள் யாராவது வருகிறீர்களா?